மூன்றாவது கொடி

கூடைப்பந்து அரங்கில், கேலரியைப் பார்த்தபடி சிவப்புக் கொடியோடு நின்றிருந்த லேப் அண்ணனுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. வேதியியல் ஆய்வகத்தில் தானுண்டு தன் புட்டிகளுண்டு என்று கிடந்த மனிதர். போன வருடம் நம் கல்லூரிப் பிள்ளைகள் எதிரணி மேல் தண்ணீர் பாட்டில் வீசியதால், இந்த முறை இந்தக் கொடி அவர் தலையில் விழுந்தது. கூட்டம் யாரையாவது கேவலமாகப் பேசினால் கொடியைத் தூக்க வேண்டும். மூன்றாவது தடவை தூக்கினால் கேலரியே காலி. எல்லோரையும் வெளியேற்றிவிட்டு அவரும் வெளியே போய்க் கதவைப் பூட்ட வேண்டும்.

அதுதான் அவருடைய வயிற்றெரிச்சல். நம் அணியின் கேப்டன் அவருடைய மகள். மூன்று வருடமாக அவள் ஆடும்போதெல்லாம் இவருக்குச் செய்முறைத் தேர்வு வேலை. "இதுதான்ப்பா கடைசி மேட்ச். முழுசா இருந்து பாருங்க" என்று காலையில்தான் சொல்லியிருந்தாள்.

ஆனால் சொன்னால் கேட்கிற கூட்டமா அது? எதிரணியின் ஏழாம் நம்பர் பெண் முழங்காலில் பட்டை கட்டி, லேசாகச் சாய்ந்து ஓடினாள். அவள் கைக்குப் பந்து போனால் போதும், "நொண்டி! நொண்டி!" என்று பலகை அதிர மிதித்தார்கள். முதல் பாதியிலேயே கொடி இரண்டு தடவை ஏறிவிட்டது.

"ஏன்டா, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கவே தெரியாதா உங்களுக்கு?"

"சும்மா ஜாலிக்குண்ணே! நீங்க நம்ம ஆளா, அவங்க ஆளா?"

இடைவேளைக்குப் பிறகும் அதே கூச்சல். அண்ணன் கொடியைச் சுருட்டிப் பேன்ட் பையில் திணித்துக்கொண்டு ஸ்கோர் பலகையைப் படிப்பதுபோல் நின்றார். இன்னும் கொஞ்ச நேரம்தானே, பார்த்துவிடலாமே! ஏழாம் நம்பர் ஒருமுறை சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதையும் பார்த்தார். ஸ்கோர் பலகை பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசி இரண்டு நிமிடம். இரு அணியும் சமம். பந்து கோட்டுக்கு வெளியே போனது. நடுவர் நம் பக்கம் கை காட்டினார். மகள் கையை உயர்த்தினாள்.

"இல்ல சார், என் கை பட்டுத்தான் வெளிய போச்சு."

பந்து எதிரணிக்குப் போனது. ஏழாம் நம்பர் அதை வாங்கிக் கூடையில் போட்டாள்.

கேலரி வெடித்தது. "துரோகி! அந்தப் பக்கமே போய் ஆடுடி!" இத்தனை நேரம் அடுத்தவர் பெற்ற பெண் மேல் விழுந்ததெல்லாம் இப்போது மகள் மேல் விழுந்தது. அண்ணனுக்கு ரத்தம் கொதித்தது. பைக்குள் கை போனதே தெரியவில்லை. கொடி தலைக்கு மேல் நின்றது.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். திட்டிக்கொண்டே இறங்கிய கூட்டத்தை விரட்டாத குறையாக வெளியே தள்ளி, கதவைப் பூட்டி, சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் நின்றார். உள்ளே பந்து தரையில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. யார் கையில் இருக்கிறது, யார் போடுகிறார்கள், ஒரு மண்ணும் தெரியவில்லை. நீளமாக ஒரு விசில் அடித்து ஓய்ந்தது.

அவர் கதவைத் திறந்தார். மகள்தான் முதலில் வந்தாள். முகம் வியர்வையில் நனைந்திருந்தது.

"என்னாச்சும்மா?"

"ஜெயிச்சுட்டோம்."

"அடடா! கடைசியில என்னால பாக்க முடியாமப் போச்சே. அந்தப் பசங்க உன்னைச் சொன்னதும் எனக்குப் பொறுக்கலடா கண்ணு. தூக்கிட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. பின்னால் ஏழாம் நம்பர் முழங்கால் பட்டையை அவிழ்த்தபடி சுவரோரமாக நடந்து போனாள்.

"இடைவேளைக்கு அப்புறமும் அவளைச் சொன்னாங்களே, அப்போ கொடி எங்கப்பா இருந்துச்சு?"

அண்ணன் கையிலிருந்த கொடியைப் பார்த்தார். சுருட்டித் திணித்த மடிப்பு அப்படியே இருந்தது.

"பையிலதாம்மா இருந்துச்சு" என்றார்.