ஐந்தாவது கட்டம்

விசைப்படகுக்கு நாலு ஆள். ஜெகதாப்பட்டினத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். புவனேஸ்வரியும் கேட்டாள், கேட்டதை அப்படியே கம்ப்யூட்டர் நிரலில் எழுதினாள். குளத்தூர்ப் பக்கத்துப் பெண். கடலைத் தள்ளி நின்று பார்த்ததோடு சரி. கடலுக்குப் போகும் படகுகளுக்கு அனுமதி டோக்கன் கொடுக்க ஒரு வலைத்தளம் வேண்டுமென்று படகுக்காரர்கள் சங்கத்தில் கேட்டபோது, இரண்டே மாதத்தில் செய்து கொடுத்துவிட்டு அங்கேயே வேலைக்கும் சேர்ந்துகொண்டாள்.

படகுக்கு ஒரு வரிசை. வரிசையின் தலைப்பில் படகு எண், அதையடுத்து ஒன்று, இரண்டு என்று எண்ணிட்ட கட்டங்களில் ஆட்களின் பெயர். கடலில் ஏதாவது ஆகிவிட்டால், சர்வரில் இருக்கும் நிரல் அந்த வரிசையில் கட்டம் கட்டமாகப் போய்ப் பெயர்களை எடுத்துத் தேடவேண்டியவர்களின் பட்டியலாகத் தரும். ஆள் கிடைக்கக் கிடைக்க டிக் போட வேண்டும். எல்லாப் பெயருக்கும் டிக் விழுந்தால் பட்டியல் பச்சையாகிவிடும்.

ஐப்பசியில் ஒருநாள் சங்கத்து எழுத்தர் கண்ணுசாமி வந்து தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, இஞ்சின் வேலை பாத்த படகு மொதத் தடவை கடலுக்குப் போறப்ப மெக்கானிக்கும் கூடப் போவாரு. அவரு பேரை எங்கிட்டு எழுதுறது?"

இஞ்சினைப் பிரித்து மாட்டியவனே கூட வந்தால்தான் டிரைவர்களுக்கு நம்பிக்கை. அது அந்த ஊர் வழக்கம். புவனேஸ்வரி பத்து நிமிடத்தில் வரிசையின் கடைசியில் இன்னொரு கட்டம் சேர்த்தாள். டோக்கனில் ஐந்து பெயரும் அச்சாகி வந்தன. கண்ணுசாமி டீ வாங்கிக் கொடுத்தார். பட்டியல் எடுக்கும் நிரலை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒன்றிலிருந்து நாலு வரை போ என்று முதலில் எழுதியது அங்கே அப்படியே இருந்தது. எத்தனை கட்டம் இருக்கிறதென்று வரிசையையே கேட்டுக்கொள்ளும்படி எழுதியிருக்கலாம். கல்லூரியில் படித்துப் படித்துச் சொன்னதுதான். சோம்பேறித்தனம், வேறென்ன.

மார்கழியில் ஒரு வியாழக்கிழமை விடியும் நேரத்தில், வீரய்யா ஓட்டிப் போன படகு காற்றில் கவிழ்ந்தது. இஞ்சின் வேலை முடிந்து முதல் முறையாகப் போன படகு. ஏழு மணிக்குச் செய்தி வந்ததும், அந்தப் பக்கம் நின்ற பத்துப் பன்னிரண்டு படகுகள் தேடக் கிளம்பின. ஒரு படகு இரண்டு பேரைத் தூக்கியது. இன்னொன்று ஒருவரைத் தூக்கியது. நினைவில்லாமல் மிதந்த வீரய்யாவை மூன்றாவது படகு எடுத்தது. வயர்லெஸில் பெயர் வர வர புவனேஸ்வரி டிக் போட்டாள். பதினோரு மணிக்குப் பட்டியல் பச்சையானது.

"எல்லாரும் கெடச்சாச்சு, தேடுனது போதும், திரும்புங்க" என்று கண்ணுசாமி வயர்லெஸில் சொன்னார். தூக்கப்பட்டவர்களும் அதைக் கேட்டு, மெக்கானிக் வேறு படகில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மெக்கானிக் அடைக்கலத்தின் மனைவி அமிர்தவல்லி ஓட்டமும் நடையுமாகச் சங்கத்துக்கு வந்தாள். புவனேஸ்வரி சிரித்த முகமாகவே சொன்னாள். "ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லக்கா. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

மூன்று படகும் கரைக்கு வந்தபோது மணி மூன்று. நாலு பேர் இறங்கினார்கள். அடைக்கலம் இறங்கவில்லை.

மறுபடியும் தேடப் போய், மறுநாள் காலையில் உடலைக் கொண்டுவந்தார்கள். காலி டீசல் கேனைக் கயிறு போட்டு இடுப்போடு கட்டியிருந்தார். நேற்றுச் சாயங்காலம் வரைக்கும்கூட உயிர் இருந்திருக்கும் என்று தூக்கியவர்கள் பேசிக்கொண்டார்கள். அமிர்தவல்லி காதுபடப் பேசாமலாவது இருந்திருக்கலாம்.

பழி வீரய்யா தலையில் விழுந்தது. கூட்டிப் போன ஆளை எண்ணிப் பார்க்காத டிரைவராம். நினைவில்லாமல் கிடந்த மனிதன் எதை எண்ணுவான் என்று ஒருவரும் கேட்கவில்லை. இனி எந்தப் படகிலும் அவரை ஏற்றக் கூடாது என்று சங்கத்தில் பேச்சு நடந்தது. டோக்கனில் ஐந்து பெயர், பட்டியலில் நாலு என்பது உறைத்து, உடல் வந்த அன்று மத்தியானம் புவனேஸ்வரி நிரலைத் திறந்தாள். அந்த நாலைப் பார்த்ததும் கண்ணுசாமியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவர் கதவைச் சாத்தினார். "இது ஒனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மாத்திட்டு வாயை மூடிக்க. சனங்க நம்மள உயிரோட விடமாட்டாங்க."

மாற்றினாள். வாயையும் மூடிக்கொண்டாள். வேலை போய்விடும், அடி விழும் என்று பயம். ஆனால் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், துக்கம் கேட்கப் போன வீரய்யாவை வீட்டுக்குள் விடவில்லை என்றும், அவர் தெருவிலேயே நிற்கிறார் என்றும் யாரோ சொன்னார்கள். புவனேஸ்வரி எழுந்து நடந்தாள். கண்ணுசாமி பின்னாலேயே வந்து கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

வீரய்யா வெயிலில் தலைகுனிந்து நின்றிருந்தார். அவரைத் தாண்டி உள்ளே போனாள். பெண்களுக்கு நடுவில் அமிர்தவல்லி சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, டோக்கன்ல அண்ணன் பேரு இருந்துச்சு. தேடுற லிஸ்ட்டுலதான் வரல. கம்ப்யூட்டரை நாலு பேரு வரைக்கும்தான் எடுக்கச் சொல்லி நான் எழுதி வச்சிருந்தேன். அதை நம்பித்தான் போட்டுகளத் திருப்பி வரச் சொன்னோம். வீரய்யா மேல தப்பே இல்லக்கா. எல்லாம் நான் செஞ்சது."

யாரும் அடிக்கவில்லை. அமிர்தவல்லி வாசல் பக்கம் திரும்பி, "அவர உள்ள வரச் சொல்லுங்க" என்றாள்.

வீரய்யா வந்து உட்கார்ந்த பிறகுதான் புவனேஸ்வரியிடம் கேட்டாள்.

"அஞ்சாவது பேரையும் எடுன்னு எழுத எம்புட்டு நேரம் ஆகும்?"

"ஒரு நிமிசம்க்கா."

"ஒரு நிமிசம்" என்றாள் அமிர்தவல்லி. "அவரு ஒரு பகல் பூராக் கெடந்தாரு."