மைக்காவின் விரல்

விரல் எழும்புகிறது, இதோ, மறுபடியும், இடது கை உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற அந்த ஒற்றை விரல் லேசாக எழும்பி அடங்குகிறது, அப்படியென்றால் இப்போது வரப்போவது மெதுவான பந்து, வந்தது, மட்டை பிடித்த இந்தப் பக்கத்துப் பையன் அவசரப்பட்டு முன்னாலேயே சுழற்றிக் காற்றை அடித்தான், அரங்கம் முழுக்க ஓவென்று கத்துகிறது, கத்தட்டும், அவர்கள் ஊர், அவர்கள் மைதானம், அவர்கள் காசு கொடுத்து வாங்கிய பையன்... இத்தனை ஆயிரம் பேரில் அந்த விரலைப் பார்க்கத் தெரிந்தவர் தான் ஒருவர்தான் என்று வெர்லன் டக்கட்டுக்குத் தெரியும். பேஸ்பால் பந்துகளைப் போட்டு வைக்கிற வாளியின் மூடிமேல் உட்கார்ந்து, சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டு, ஆறு இன்னிங்ஸாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேகப்பந்து என்றால் விரல் படுத்தே கிடக்கும். மேட்டில் நின்று எதிரணிக்குப் பந்து வீசுகிற மைக்கா, மெதுவான பந்துக்காக உறைக்குள் பந்தை ஆழமாகப் பொத்திப் பிடிக்கும்போது மட்டும் வெளியே இருக்கிற விரல் தன்னையறியாமல் எழும்பும். மூன்றாம் தளப் பக்கத்துப் பெஞ்சில் இருந்தால்தான் கண்ணில் படும், அதுவும் இரண்டு வருடம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தவன் கண்ணுக்குத்தான். சொன்னால் ஆட்டம் திரும்பும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை, பெரிய அரிச்சந்திரனா நீ, இருபத்தேழு வருடம் எவனெவனுக்கோ பந்து போடச் சொல்லிக்கொடுத்து என்னத்தைக் கண்டாய், ஏழு கல்லூரி, ஏழு ஊர், எல்லா ஊரிலும் வாடகை வீடு, தலைமைப் பயிற்சியாளனை விரட்டும்போதெல்லாம் கூடவே சேர்த்துப் பெருக்கித் தள்ளுகிற குப்பை நீ. ஜோலின் கடைசி ஊரிலேயே நின்றுகொண்டாள், இனிமேல் பெட்டி கட்ட என்னால் ஆகாது வெர்லன் என்று சொல்லிவிட்டாள், அவள் மேலும் தப்பில்லை. உன்னிடம் கற்றவர்களில் மூன்று பேர் தொழில்முறைப் பெரிய ஆட்டத்துக்குப் போனார்கள், தொலைக்காட்சியில் ஆண்டவருக்கு நன்றி சொன்னார்கள், அம்மாவுக்குச் சொன்னார்கள், ஒருவன் தன் நாய்க்குக்கூடச் சொன்னான்.

டிரென்ட் பக்கத்தில் வந்து நின்றான். தலைமைப் பயிற்சியாளன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் இதே வெர்லனிடம் ஆட வந்தவன், தரையில் குத்தி வரும் பந்தை மார்பு கொடுத்துத் தடுக்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், அப்போதெல்லாம் மூச்சுக்கு மூச்சு கோச், கோச் என்பான். பதவி வந்த முதல் வாரத்திலேயே அந்தக் கோச் காணாமல் போய் வெர்லன் ஆகிவிட்டது, மரியாதைக்கு ஒரு 'நீங்க' மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "வெர்லன், உங்க கையில வளந்த பையன்தானே அவன்? ஏதாவது ஒண்ணு தெரியாமயா இருக்கும்?" என்றான். நல்லா போடுறான், அவ்வளவுதான் என்று இவர் சொன்னார். "அது எனக்கே தெரியுதே. அதச் சொல்றதுக்கு ஒரு ஆளு வெச்சு சம்பளம் குடுக்கணுமா?" பெஞ்சில் இருந்த பையன்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். டிரென்ட் குனிந்து, காதோடு காதாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒண்ணுக்கு பூஜ்யம்னு பின்னால இருக்கோம். தோத்தா இன்னிக்கே மூட்டை கட்டணும். உங்க விஷயத்த மேல எப்படிப் பேசறதுன்னு எனக்கே புரியல" என்றான். மேல் என்றால் கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவர். விஷயம் என்றால் இந்த ஜூனோடு முடிகிற வேலை. கேமராவும் கணினியுமாக வேறொரு கல்லூரியிலிருந்து இவர் இடத்துக்கு ஒரு பொடியன் வந்து பார்த்துவிட்டுப் போனது வெர்லனுக்குத் தெரியாதென்று டிரென்ட் நினைத்துக்கொண்டிருக்கிறான். ஐம்பத்தெட்டு வயதில் இவரை யார் எடுப்பார்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு மைதானம் கூட்ட விடுவார்கள்... டிரென்ட் தன்னிடம் கெஞ்ச வேண்டும் என்று இருந்தது அவருக்கு. உண்மையைச் சொன்னால் இத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். நல்ல குணம் ஒன்றுமில்லை. கோச், காப்பாத்துங்க என்று ஒருமுறை அவன் வாயால் வரட்டும்.

மீதிப் பாதிக் காரணம் எதிர்ப்பக்கம் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. லொரீன், மைக்காவின் அம்மா, போன வருடம்வரை இவர்கள் நிறத்துச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவள், இன்று அந்தப் பக்கத்து நிறம், தலையில் ஒரு தொப்பி வேறு. கோழிக்கறித் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் குளிரில் நின்று வெட்டி வெட்டி அவள் விரல்கள் மரத்துப்போயிருக்கும், டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பாள். பையனை அணிக்குக் கேட்கப் போன அன்று அவள் சமையலறையில் உட்கார்ந்து கெளுத்தி வறுவலும் சோள ரொட்டியும் மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டு, என்னவெல்லாம் சொன்னாய் வெர்லன்? "அவன் கைய என் கையா பாத்துக்குவேன்மா." சொன்னாய். அவளும் நம்பினாள். "எத்தனையோ பேரு வந்து சொல்லிட்டுப் போனாங்க, நீங்க மட்டும்தான் ரெண்டாந்தடவ சோறு கேட்டு வாங்கித் தின்னீங்க" என்று சிரித்தாள். முதல் மாதமே அந்த விரலைக் கண்டுபிடித்தது, வேறு யாருக்கும் தெரியாமல் பையனைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னது, ஷூ நாடாவால் விரலை உறையோடு கட்டிப் போடச் சொன்னது, கட்டினால் சரியாக இருக்கும், அவிழ்த்த அன்றைக்கு எழும்பிவிடும். இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்டா என்றார். எவனாவது கண்டுபிடித்தால் பெஞ்சிலிருந்து ஒருத்தன் பெயர் சொல்லிக் கத்துவான், இல்லையென்றால் சட்டை நம்பரைச் சொல்லிக் கத்துவான், அதுதான் அவர்களுடைய சாடை, காதைத் தீட்டி வைத்துக்கொள் என்றும் சொன்னார். பையன் பயந்துவிட்டான். "நீங்க சொல்லிட மாட்டீங்கள்ல கோச்?" பத்தொன்பது வயது. போடா லூசு என்று தலையில் தட்டினார்.

அப்புறம் அந்தப் பெரிய கல்லூரிக்குப் போனானே. போன கோடையில், ஒரு வார்த்தை நேரில் வந்து சொல்லாமல், கைப்பேசியில் மூன்று வரி. அங்க நெறைய தராங்க கோச், அம்மாவ அந்த வேலையிலருந்து நிறுத்தணும், மன்னிச்சிருங்க. மூன்று வரி! அதற்கு இவர் பதில் போடவில்லை, இன்றுவரை போடவில்லை. என்ன போடுவது? நல்லா இரு என்றா? இரண்டு வருடம் வெயிலில் வாளிமேல் உட்கார்ந்து செதுக்கியவன் இங்கே, அறுவடை அவர்களுக்கு. அவன் இருந்திருந்தால் டிரென்டுக்கு இவரைத் தொடத் துணிச்சல் வந்திருக்குமா? இந்த நிலைக்கு ஆளாக்கியவனே அவன்தான் என்று சொன்னால் தப்பா? தப்பு. தெரிகிறது தப்பென்று. தெரிந்து என்ன செய்ய, வயிறு எரிகிறதே... அங்கே மேட்டில் நிற்கிறான் பார், தோள் விரிந்துவிட்டது, புதுச் சட்டை, அந்த முழங்கையை மடக்குகிற விதம் யார் கொடுத்தது, அந்தத் தோளைக் கடைசிவரை மூடி வைக்கிற பொறுமை யார் கொடுத்தது, அங்கே இருக்கிற எவனுக்காவது தெரியுமா? விரலைக்கூட அவர்கள் பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய கல்லூரி, அத்தனை கேமரா, விரலைப் பார்க்கவில்லை! ஏழாவது இன்னிங்ஸ் ஆரம்பிக்கப்போகிறது. வெர்லன் வாயிலிருந்த விதையைத் துப்பினார். "டிரென்ட்" என்று கூப்பிட்டார். சொல்லிவிட்டார். சொல்லும்போது குரல் நடுங்கவேயில்லை, அதுதான் ஆச்சரியம், ரொம்ப நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்த மாதிரி வந்தது. மெதுவா வந்தா பேரச் சொல்றேன், வேகமா வந்தா நம்பரச் சொல்றேன், பசங்ககிட்டச் சொல்லு. டிரென்ட் அவர் தோளை அழுத்திப் பிடித்தான். "இத்தன நேரம் இத வெச்சுக்கிட்டா உக்காந்திருந்தீங்க, கோச்?" கோச். வந்தது பார், வாயில் வந்தது. கேட்க இனிக்கவில்லை.

முதல் பையனுக்கு விரல் படுத்திருந்தது, பன்னிரண்டு, வாடா பன்னிரண்டு என்று கத்தினார், வேகப்பந்து, நேராக அடித்துவிட்டு முதல் தளத்துக்கு ஓடினான். அடுத்தவனுக்கு விரல் எழும்பியது, பெயரைச் சொல்லிக் கத்தினார், பையன் பொறுத்திருந்து, பொறுத்திருந்து, வேலியில் போய் மோதும்படி ஒரு அடி. இரண்டாம் தளத்தில் ஒருவன், மூன்றாம் தளத்தில் ஒருவன், பெஞ்சே எழுந்து குதிக்கிறது, அப்படிப் போடு தாத்தா என்று எவனோ முதுகில் அறைகிறான், லொரீன் இருக்கையை விட்டு எழுந்து இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், அங்கே பார்க்காதே, பார்க்காதே, மைக்கா மேட்டுக்குப் பின்னால் போய்க் குனிந்து கையில் பொடி தடவுகிறான், நிமிர்கிறான், இந்தப் பெஞ்சைப் பார்க்கிறான். கோபம் இல்லை. கூட்டத்தில் யாரோ தெரிந்த குரலில் தன்னைக் கூப்பிட்டதுபோலத் தேடினான், வாளியில் வந்து பார்வை நின்றது, அவ்வளவுதான், திரும்பிக்கொண்டான். இப்போது வேட் வருகிறான், இந்த அணியிலேயே பெரிய அடிக்காரன், இவன் ஒன்று அடித்தால் போதும், வேலை நிலைக்கும், பெட்டி கட்ட வேண்டாம். விரல் எழும்பியது. "வேட்! வாடா வேட்!" வந்தது வேகப்பந்து, மெதுவாக வரும் என்று காத்திருந்த வேட் மட்டையைத் தோளிலிருந்து எடுப்பதற்குள் போய்விட்டது. மைக்கா தடுமாறிவிட்டான் போல, பந்தின் பிடி மாறியிருக்கும்... மறுபடியும் விரல் எழும்பியது, நன்றாகவே எழும்பியது, கொஞ்சம் கூடுதலாகவே எழும்பியது, வாய் தானாகக் கத்திவிட்டது, மறுபடியும் வேகம், பந்து போன பிறகுதான் வேட் சுழற்றினான். மூன்றாவது பந்துக்கு விரல் படுத்தே கிடந்தது. வெர்லன் வாயைத் திறக்கவில்லை. விரலை விட்டுவிட்டுத் தோளைப் பார்த்தார், தோள் கடைசிவரை மூடியே வந்தது, அப்போதே தெரிந்துவிட்டது, பந்து மிதந்து வந்து, வேட்டின் முழங்காலருகே தரை திறந்துகொண்ட மாதிரி சட்டென்று இறங்கியது, வேட் மட்டையோடு சுற்றி மண்டிபோட்டு விழுந்தான், அவுட், "அப்படித்தான்டா!" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் கத்தியது. தன் குரல்தான் என்று வெர்லனுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டிரென்ட் முகம் வெளுத்துவிட்டது. "யாருக்கு வேல பாக்குறீங்க வெர்லன்?" என்றான் மெதுவாக. அப்புறம், "பொறி வெச்சிருக்கான். ஆறு இன்னிங்ஸா உங்களுக்குன்னே விரலத் தூக்கிக் காட்டி பொறி வெச்சிருக்கான், நீங்களும் ஊர்ப்பட்ட அனுபவத்தோட போய்த் தலையக் குடுத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். பொறி. ஆமாம், பொறிதான், இருக்கட்டும், கெட்டிக்காரப் பயல், கிழவன் காட்டிக்கொடுப்பான் என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிட்டான், அப்படியென்றால் கணக்குத் தீர்ந்தது, அவனும் சளைத்தவனில்லை, இவரும் சளைத்தவரில்லை... ஆனால் முதல் இன்னிங்ஸில் எழும்பிய விரலும் இப்போது எழும்பிய விரலும் ஒன்றா? அது தன்னையறியாமல் எழும்பியது, அந்த விரலைத் தூக்கத்தில் காட்டினாலும் இவருக்குத் தெரியும். இது தெரிந்து எழும்பியது. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான், பெஞ்சிலிருந்து ஒரு குரல். இரண்டு வருடம் நாடா கட்டித் திருத்தாத விரல் இரண்டு கத்தலில் திருந்திவிட்டது. இந்தப் பெஞ்சில் யார் உட்கார்ந்திருப்பார் என்று பையனுக்குக் காலையிலேயே தெரியும், தெரிந்தும் ஆறு இன்னிங்ஸ் அதை மறைக்க மெனக்கெடவில்லை. கண்ணில் படாது என்று நினைத்தானா? கண்ணில் படாது என்று எப்படி நினைப்பான், கண்டுபிடித்தவரே இவர்தானே, பார்த்தாலும் சொல்ல மாட்டார் என்றுதான்... அடுத்து மட்டை பிடிக்கப் போகிற பையன் அருகில் வந்து, "கோச், இப்ப என்ன போடுவான்?" என்று கேட்டான். தெரியலடா என்றார் வெர்லன், அது உண்மை. பையன் தயங்கிவிட்டுப் போனான். மேட்டில் மைக்கா பந்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறான், விரல் அசையவில்லை, பொறியாகவே இருந்திருக்கட்டும், ஆண்டவரே, காலையிலிருந்தே வைத்த பொறியாக இருந்திருக்கட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தார்.