டீச்சர் வழியாக

லிஃப்ட் மெக்கானிக்கும் அவருடைய அக்காவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மிக்ஸி மூடியை யார் உடைத்தது என்று தொடங்கிய சண்டை, செத்துப்போன அப்பாவுக்கு யார் செல்லம் என்பதில் போய் நின்றது. அன்றோடு இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆனால் ஒரே கூரையின் கீழ் இருந்தால் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு டீச்சர் இருந்தது. டீச்சர் ஒரு பழுப்பு நிறப் பெட்டைக்கோழி. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால், பரீட்சைத் தாளைத் திருத்துவதுபோல ஆளைப் பார்க்கும்.

"டீச்சர், டேங்க்ல தண்ணி இல்லன்னு சொல்லு" என்பார் அக்கா.

"மோட்டார் அப்பவே போட்டாச்சுன்னு சொல்லு டீச்சர்" என்பார் தம்பி.

டீச்சர் யாரிடமும் எதையும் சொல்லாது. இருந்தாலும் தகவல் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை டீச்சர் தீனியைத் தொடவில்லை. கழுத்துக்குக் கீழே தீனிப்பை பந்துபோல உப்பியிருந்தது. அட்டைப்பெட்டியில் பழைய துண்டை விரித்து, இருவருமாக மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"எத்தனை நாளா இப்படி?" என்று டாக்டர் கேட்டார்.

"நேத்திலேருந்துன்னு சொல்லு டீச்சர்" என்றார் அக்கா.

"முந்தாநாளே சுணங்கிப் போச்சுன்னு சொல்லு டீச்சர்" என்றார் மெக்கானிக்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கோழியே சொல்லிடுமா, இல்ல நீங்க யாராவது சொல்றீங்களா?"

தீனிப்பை அடைத்திருக்கிறதாம். வயது ஆறு என்றதும் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். மூன்று வேளையும் சிரிஞ்சில் மருந்து கொடுத்து, கழுத்தை மெதுவாக நீவிவிட வேண்டும்.

மெக்கானிக் லீவு எழுதிக் கொடுத்தார். காரணம்: குடும்ப உறுப்பினர் சுகவீனம். யாருக்கு என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு, "வயசானவங்க சார்" என்றார். அதில் பொய் எதுவும் இல்லை.

கோழிக்கு மருந்து கொடுப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. அக்கா மடியில் அணைத்துப் பிடித்து அலகைத் திறந்தார். தம்பி முட்டிக்கு முட்டி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக விட்டார். அவ்வளவு பக்கத்தில் அக்காவைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. காதோரம் முழுக்க நரைத்துவிட்டது.

"நல்லா பிடிச்சுக்கச் சொல்லு டீச்சர்."

"பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்னு சொல்லு."

நான்காம் நாள் காலை, மருந்து உள்ளே போகாமல் அலகோரமாக வழிந்தது. அக்கா மெதுவாக அலகை மூடிவிட்டார். தம்பி சிரிஞ்சைக் கழுவி வைத்தார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

பின்பக்கச் சுவரோரம் குழி தோண்டினார். இடுப்பளவு ஆழம் வந்த பிறகுதான் நிறுத்தினார். அக்கா துண்டோடு டீச்சரைக் கொடுத்தார். மண்ணைத் தள்ளும்போது தம்பி மூக்கை உறிஞ்சினார். தூசி என்று சொல்லலாம். சொல்ல ஆள் இல்லை.

அடுத்த இரண்டு நாள் வீட்டில் நிஜமாகவே பேச்சு நின்றது. பால்காரர் வராததை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. கேஸ் தீர்ந்ததையும் சொல்லவில்லை. டேங்க் நிரம்பி ஒரு மணி நேரம் வழிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கத்தினார். இருவரும் அவரை நன்றியோடு பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் மெக்கானிக் வேலைக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"டேய்!"

அக்கா மூச்சிரைக்க வந்து நின்றார். கையில் டிபன் பாக்ஸ்.

"வச்சுட்டு வந்துட்ட."

"ம்" என்றார் அவர். பிறகு, "செருப்பு போடாம வந்திருக்க" என்றார்.

"தெரியும்."

தெருவைப் பார்த்துக்கொண்டே அக்கா கேட்டார்: "சாயங்காலம் சீக்கிரம் வருவியா?"

"ஏன்?"

"சும்மாதான். வீடு ஒரு மாதிரி இருக்கு."

"எனக்கும்தான்கா."

பஸ் வந்தது. அவர் அடுத்த பஸ்ஸில் போனார்.