சமைக்கிற கை உப்பைத் தொடாது

எனக்கு வாய் அதிகம். ஊர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். காலையிலிருந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பிரேக்கை மிதி, கண்ணாடியைப் பார், நடுரோடு என்ன உன் மாமனார் எழுதிக் கொடுத்ததா என்று கத்திக் கத்தி, வீட்டுக்கு வந்தாலும் அதே குரல்தான் வருகிறது. என் அக்கா நேர் எதிர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். ஒரு தூசி இருந்தாலும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி துடைப்பாள். பேச்சும் அப்படித்தான். துடைத்துத் துடைத்து ஒரு வார்த்தை வரும்.

அந்த அக்கா முந்தாநாள் மழையில் ஸ்கூட்டர் வழுக்கி, நடைபாதைக் கல்லில் தலை மோதி, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். ஆபரேஷன் முடிந்துவிட்டது. மூச்சு தானாகவே வந்துகொண்டிருந்தது. கண்தான் திறக்கவில்லை. எங்களால் ஆனதைச் செய்துவிட்டோம், இனி அவர்களாக விழிக்க வேண்டும், தள்ளிப்போகப் போக நம்பிக்கை குறையும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அதை ஏதோ பஸ் லேட்டாக வரும் என்பது போலச் சொன்னார். அவரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அக்காவின் கணவர், மாமா, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமாதான் என்னை வீட்டுக்கு அனுப்பினார். அவர்கள் மகள் ஒன்றாம் வகுப்பு. நாங்கள் கூப்பிடுவது வாலு. எதிர்வீட்டில் விட்டிருந்தோம். அவர்கள் என்ன கொடுத்தாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாளாம், பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லையாம். போய் ஏதாவது செய்து கொடு, உன்னிடம் சாப்பிடுவாள் என்றார். அவர் கண்கள் கோவைப்பழமாக இருந்தன. அவரும்தான் சாப்பிடவில்லை.

வீடு என்றால் அக்கா வீடு. மாடியில் ஒற்றை அறையில் நான் தனிக்கட்டை. கீழே அவர்கள் மூவர். சமையலறை ஒன்றுதான், அது கீழே. வாலுவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அக்காவின் மழைக்கோட்டு நாற்காலி முதுகில் தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டு போகாமல்தான் நனைந்தாளா என்று எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.

என்ன வேண்டும் என்று வாலுவைக் கேட்டேன். இறால் என்றாள். ஃபிரீசரில் ஒரு டப்பா இருந்தது. அக்கா தோலை உரித்து, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை எடுத்து, வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். தண்ணீரில் போட்டு உறை விட்டதும் துணியில் ஒற்றினேன். ஒரு முழுப் பூண்டை நசுக்கி உரித்து, பொடிப்பொடியாக நறுக்கினேன். பாதி இறாலை மறுபடி உள்ளே வைத்துவிடலாம் என்று தனியே எடுத்து வைத்தேன். இவ்வளவுதான் வேலை. எங்கள் வீட்டில் பசி பொறுக்காத நாட்களில் செய்வது இதைத்தான். கை கழுவிக்கொண்டு வருவதற்குள் தட்டில் இருக்கும்.

வாணலியில் வெண்ணெய் உருகியதும் பூண்டைப் போட்டேன். வாசனை கிளம்பியது. மிளகைத் தட்டிப் போட்டு, இறாலைப் பரப்பினேன். ஒரு பக்கம் சிவந்ததும் திருப்பினேன். கேள்விக்குறி போல வளைந்தால் இறக்கு, வட்டமாகச் சுருண்டால் ரப்பர் என்பது அக்கா பாடம். எலுமிச்சம்பழத்தை ஒரு சின்னக் கிண்ணத்தில் பிழிந்து, கொட்டையை எடுத்துப் போட்டு, மேடையில் வைத்தேன். பக்கத்து அடுப்பில் சூடாகப் போட்டிருந்த ரொட்டி கருகும் நெடி வந்ததால் திரும்பி அதைப் புரட்டினேன். பிறகு கிண்ணத்தை எடுத்து இறால் மேல் ஊற்றி, ஒரு கலக்குக் கலக்கி இறக்கினேன்.

பூண்டு வாசனைக்கு நடுவே அப்போது இன்னொரு நெடி வந்தது. லென்ஸ் துடைக்கும் ஸ்பிரிட். அக்கா வேலை முடிந்து வந்தால் அவள் விரல்களில் இருக்கும் நெடி. மழைக்கோட்டிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மழைக்கோட்டு கூடத்தில் இருந்தது. நெடி என் இடது தோள் பக்கம் இருந்தது.

வாலு சாப்பிட்டாள். நான் ஊட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. ரொட்டியைப் பிய்த்து அந்த வெண்ணெய்ச் சாற்றில் தோய்த்துத் தோய்த்து, கன்னம் உப்ப உப்பத் தின்றாள். நடுநடுவே அடுப்புப் பக்கம் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. நானும் ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டேன். புளிப்பு, காரம், பூண்டு, அதற்கெல்லாம் அடியில் அளவாக, ஒரு கல் கூடாமல் குறையாமல் உப்பு. அக்கா கை அக்கா கைதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இரண்டாவதை எடுத்தேன். அப்புறம்தான் உறைத்தது. நான் உப்பே போடவில்லை.

இதைச் சொன்னால்தான் புரியும். நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போதே சமைக்க ஆரம்பித்தவர்கள். அப்பா அம்மா இருவருக்கும் ஷிஃப்ட் வேலை. ஒருநாள் ஒருத்தி போட்டது தெரியாமல் இன்னொருத்தியும் உப்புப் போட்டுவிட்டோம். அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அன்றைக்கு அம்மா போட்ட சட்டம்: சமைக்கிற கை உப்பைத் தொடாது. ஒருத்தி சமைத்தால் மற்றவள்தான் உப்புப் போட வேண்டும். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சட்டம் போகவில்லை. நான் சமைக்கிற நாளில், எலுமிச்சைச் சாற்றை அக்கா எடுத்து அதில் உப்பைக் கரைத்து வைப்பாள். நான் ஊற்றுவேன். தனியாக நான் சமைத்ததே கிடையாது. அதனால்தான் இன்றைக்கும் பழத்தைப் பிழிந்து கிண்ணத்தை மேடையில் வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். கை பழக்கத்துக்குச் செய்திருக்கிறது. உப்பு டப்பா மேல் தட்டில், மூடி இறுக்கி, வைத்த இடத்திலேயே இருந்தது. வாலு நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாது.

வாலுவிடம், உப்பு யார் போட்டது என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"அம்மாதான். நீ ரொட்டியத் திருப்பினல்ல, அப்போ."

"எங்கடா இருக்காங்க அம்மா?"

வாயில் ரொட்டி இருந்ததால் அவள் மோவாயால் காட்டினாள். என் இடது பக்கம்.

பேய் என்று நான் பயப்படவில்லை. என் அக்காவுக்கு நான் எதற்குப் பயப்பட வேண்டும். அவள் இங்கே நிற்கிறாள் என்றால், அங்கே கட்டிலில் யார் இருக்கிறார்கள்? அதுதான் பயம். மாமாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. அந்த வார்டுக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். மறுபடி போட்டேன். மறுபடி நின்றது. ஃபிரிட்ஜ் கர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. வாலு காலை ஆட்டிக்கொண்டு, எனக்குக் கேட்காத எதற்கோ "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள். என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. நெடி மட்டும் இருந்தது.

அக்கா ஏன் வந்திருக்கிறாள் என்பது ஒரு நொடியில் புரிந்துவிட்டது. பிள்ளை பட்டினி. அது அவளுக்குப் பொறுக்காது. பிள்ளை வயிறு நிறைந்து சிரிப்பதைப் பார்த்துவிட்டாள் என்றால் அவளுக்கு நிம்மதி வந்துவிடும். தங்கை இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்று அப்படியே போய்விடுவாள். எப்போதும் யாருக்கும் தொந்தரவில்லாமல் எழுந்து போகிறவள் அவள். எங்களுக்குள் சண்டை வந்தாலும் அப்படித்தான். நான் கத்துவேன். அவள் பதில் சொல்லாமல் சமையலறையை விட்டுப் போய்த் தன் கட்டிலில் படுத்துக்கொள்வாள்.

இப்போது அவள் கட்டில் ஆஸ்பத்திரியில் இருந்தது.

வாலுவின் தட்டைப் பிடுங்கினேன். அவள் முழித்தாள். வாணலியில் மிச்சம் இருந்ததையும் தட்டில் இருந்ததையும் குப்பைக்கூடையில் கொட்டினேன். திரும்பி, அந்த நெடி வந்த பக்கம் பார்த்து நின்றேன். அங்கே மேடையும், சுவரும், தொங்கும் கரண்டிகளும்தான் இருந்தன. வெறும் சுவரைப் பார்த்துக் கத்துகிறோமே என்று ஒரு கணம் வெட்கமாகக்கூட இருந்தது.

"உன்னை யாரு இங்க கூப்பிட்டா? போ. போய் உன் எடத்துல படு."

சித்தி, திட்டாதே என்று வாலு முனகினாள். நெடி அப்படியே இருந்தது. போகவில்லை. அக்காவுக்கு என் கத்தல் பழகிப்போனது, காதில் வாங்கமாட்டாள். அவளை எது சுடும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குச் சுடும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது என் எதிரில் வாயைப் பிளந்துகொண்டு, கையில் வெண்ணெயோடு உட்கார்ந்திருந்தது. குழந்தையை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லலாம் என்று தோன்றியது. குழந்தை கேட்காவிட்டால் அக்கா நம்பமாட்டாள் என்றும் தோன்றியது.

"உன் பொண்ண நான் வளப்பேன்னு நெனச்சியா? மாட்டேன். எனக்கென்ன தலையெழுத்தா? நீ போயிட்டா நாளைக்கே ஹாஸ்டல்ல தள்ளிட்டு நான் பாட்டுக்குப் போயிடுவேன். சாப்பிட்டாளா, அழுதாளான்னு திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். உன் மேல சத்தியம்."

வாலு என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் மெதுவாக நகர்ந்தன. அடுப்பிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து வாசலுக்கு. யாரோ நடந்து போவதைப் பார்க்கிற மாதிரி. வாசலில் கொஞ்ச நேரம் நின்றன.

"அம்மா அழுதுட்டே போறாங்க," என்றாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பூண்டு வாசனை மட்டும்தான் இருந்தது.

நான் எடுத்து வைத்திருந்த பாதி இறாலை அடுப்பில் ஏற்றினேன். அவசரத்தில் வெண்ணெய் பாதி மேடையில் விழுந்தது. எல்லாம் அதேபோல் செய்தேன். கிண்ணத்தை மேடையில் வைத்துவிட்டு, ரொட்டியே இல்லாத அடுப்புப் பக்கம் திரும்பி நின்றேன். அவளுக்கு வேண்டிய நேரம் கொடுத்தேன். பிறகு ஊற்றி, இறக்கி, ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன்.

சப்பென்று இருந்தது.

அவள் இங்கே இல்லை. அது நிச்சயம். ஆனால் இங்கே இல்லை என்றால் எங்கே? கட்டிலுக்குப் போனாளா? இல்லை, தங்கை இப்படிப் பேசிவிட்டாளே என்கிற வேதனையோடு ஒரேயடியாகப் போய்விட்டாளா? போயிருந்தால், அவள் கடைசியாகக் கேட்ட வார்த்தை என்னுடையது. பாவி, என்ன காரியம் செய்தாய் என்று எனக்குள்ளேயே கேட்டது. வாலுவின் முன் தட்டை வைத்தேன். உப்பு வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, நான் அடிப்பேனோ என்பது போல வேகவேகமாக எடுத்து விழுங்கினாள். நானும் எதிரில் உட்கார்ந்து தின்றேன். இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்து விளக்குப் போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

போன் அடித்தது. மாமா. எடுத்து, காதில் வைத்தேனே தவிர என்ன என்று கேட்க நாக்கு வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாய் மூடிக்கொண்டது.

"முழிச்சிட்டா," என்றார் மாமா. அவர் அழுதுகொண்டிருந்தார். நடுவில் நாடி சரிந்துவிட்டதாம், எல்லோரும் ஓடி வந்தார்களாம், அவரை வெளியே நிற்க வைத்துவிட்டார்களாம். பிறகு திடீரென்று நீண்ட மூச்சு விட்டுக் கண்ணைத் திறந்தாளாம். டாக்டருக்கே ஆச்சரியமாம். ஆனால் ஒன்று என்று இழுத்தார்.

"முழிச்சதுலேர்ந்து ஒரே அழுகை. குழந்தைய அவகிட்ட விடாதீங்க, இங்க கூட்டிட்டு வாங்கன்னு அதையே திரும்பத் திரும்பச் சொல்றா. தலையில அடி பட்டதுல ஏதோ உளர்றா. நீ மனசுல வச்சுக்காத."

"உளறல மாமா," என்றேன். "இப்பவே கூட்டிட்டு வரேன்னு சொல்லுங்க."

வாலுவிடம் அம்மா கூப்பிடுகிறாள் என்று சொன்னேன். இறங்கி ஓடினாள். செருப்பு மாட்டிவிட நான் குனிந்தபோது காலை இழுத்துக்கொண்டு, தானே மாட்டிக்கொண்டாள், இடதும் வலதும் மாற்றி. கையை நீட்டினேன். பிடிக்கவில்லை. முன்னால் நடந்தாள். வலித்தது. நன்றாகவே வலித்தது. பரவாயில்லை. அக்கா என்னை நம்பாமல் இருக்கட்டும். அந்தக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நூறு வருஷம் நம்பாமல் இருக்கட்டும். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு குழந்தையின் பின்னால் போனேன்.