சீல் மாத்திரை

பல் வைத்தியம் பார்ப்பதில் எனக்கு அலுப்பில்லை. அதற்கு முன்னால் நடக்கிற பேரம்தான் அலுப்பு. நாற்காலியில் ஏறும்போதே, மாத்திரையில் சரியாகாதா டாக்டர் என்று ஆரம்பிப்பார்கள். ஆகாது, பல்லைத் திறந்து உள்ளே சுத்தம் செய்ய வேண்டும் என்று நான் சொன்னதும், அவர்களுக்கு அன்றைக்கென்று ஒரு பயணமோ பரீட்சையோ வந்துவிடும். செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரே நாற்காலி, இருபத்தாறு வருஷம். ஒரு கட்டத்தில் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

விட்டதற்கு அடையாளமாக மேசைமேல் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன் மணிக்கட்டு வலியால் எழுத முடியாமல் போனபோது செய்யச் சொன்னது. ஆன்டிபயாடிக்கின் பெயர், மூன்று வேளை, ஐந்து நாள். கீழே நான் கிறுக்கினால் போதும். வலி மாத்திரையை மட்டும் பேனாவால் எழுதுவேன். என்னிடம் வேலை பார்க்கும் நர்ஸம்மா கெட்டிக்காரர். வந்தவர் முகத்தைச் சுளிக்கும்போதே சீலை மையில் ஒற்றிவிடுவார். போகப் போக அந்த மருந்துக்கே சீல் மாத்திரை என்று பெயர் வந்துவிட்டது. என்றைக்காவது வெறும் வலி மாத்திரை எழுதினால், சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சீல் போடலையா என்று கேட்பார்கள். காய்ச்சல் இருக்கிறதா, வீக்கம் கழுத்துக்கு இறங்குகிறதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. நான் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

என் அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு வகுப்பையே கண்ணால் அடக்குகிறவளுக்கு என் ஊசியைக் கண்டால் கை கால் ஓடாது. போன ஒரு வருஷத்தில் மூன்று தடவை போன் செய்தாள். வலது பக்கக் கடைவாய்ப் பல். வா, பார்க்கிறேன் என்பேன். விடைத்தாள் திருத்த வேண்டும் என்பாள். எனக்கும் வெளியே ஏழு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சரி, அத்தானை அனுப்பு என்று சொல்லிவிடுவேன். ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில் அத்தான் மூச்சிரைக்கப் படியேறி வந்து, சீல் போட்ட சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார். இரண்டு நாளில் வலி நின்றுவிடும். நிறுத்தியது வலி மாத்திரை. நல்ல பெயர் சீலுக்கு. என் தங்கச்சி சீல் போட்டால் போதும் என்று பள்ளிக்கூடத்தில் வேறு பெருமையடித்துக்கொள்வாள்.

மூன்றாவது சீட்டு முடிந்த வாரம் அவளுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று ஐந்து நாள் வீட்டிலேயே ஓட்டியிருக்கிறாள். ஆறாம் நாள் குளியலறையில் விழுந்து கிடந்தவளை அத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். நான் போய்ச் சேர்ந்தபோது டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்து, கண் உள்ளே போய், என் அக்கா மாதிரியே இல்லை.

வார்டு டாக்டர் என்னைவிட இருபது வயது இளையவர். குடலில் இருக்கிற நல்ல கிருமிகளை ஏதோ ஆன்டிபயாடிக் துடைத்துவிட்டது, அந்த இடத்தில் கெட்ட கிருமி ஒன்று குடியேறிவிட்டது, சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறது, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். என்ன மருந்து, எத்தனை தடவை என்று தெரிந்தால் உதவியாக இருக்கும். ஆனால் உங்கள் அக்கா மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கியதாகச் சொல்கிறார், பெயர் நினைவில்லையாம். கடைக்காரர்கள் கண்டதையும் கொடுத்துவிடுகிறார்கள் மேடம் என்று என்னிடமே குறைபட்டுக்கொண்டார். பல் டாக்டர் என்று மரியாதையாக ஒரு நாற்காலி வேறு இழுத்துப் போட்டார். நான் அதில் உட்கார்ந்துகொண்டேன்.

அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் அக்காவிடம் குனிந்து, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"என்ன பொய்? நீ எங்கடி எழுதிக் குடுத்தே? சீல்தானே போட்டே" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "உன் பேரு வெளிய வந்தா உனக்குத்தான் கஷ்டம். விடு" என்றாள்.

அவள் குத்திக்காட்டவில்லை. அந்த நிலையிலும் தங்கையைக் காப்பாற்றுகிறாள், அவ்வளவுதான். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அவள் பிழைக்காமல் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. எழுந்து போய் டாக்டரிடம் மருந்தின் பெயரைச் சொன்னேன். ஒரு வருஷத்தில் மூன்று தடவை, ஐந்தைந்து நாள், கொடுத்தது நான்தான் என்றும் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

"பல்லுல என்ன இருந்துச்சு மேடம்?" என்று கேட்டார்.

"பார்க்கல."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

அதையும் எழுதிக்கொண்டு அவர் அடுத்த நோயாளியிடம் திரும்பினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

கையைக் கழுவிக்கொண்டு வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். போனை எடுத்து டார்ச்சைப் போட்டேன். ஊசி இல்லை, எதுவும் செய்யப் போவதில்லை, சும்மா பார்க்கிறேன் என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. டிரிப் இல்லாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிற மணிக்கட்டுதான். அப்படியே விட்டுவிட்டு, ஆ காட்டச் சொன்னேன்.

கடைவாய்ப் பல்லின் நடுவில் மிளகளவு ஒரு கறுப்புப் பள்ளம். முதல் போன் வந்த அன்றைக்கே பிடித்து உட்காரவைத்திருந்தால், சுத்தம் செய்து அடைத்து அனுப்பியிருக்கலாம்.

"என்னடி பேச்சையே காணோம்? பெருசா இருக்கா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா" என்றேன். "அரை மணி நேர வேலை."