பக்கம் திருப்பாத பந்தயம்

வேடியப்பன் தன் மச்சான் கங்காதரனுக்குத் தரவேண்டியது பதினோரு ரூபாய் எழுபத்தைந்து காசு. பத்து ரூபாய் பந்தயப் பணம். ஒன்றே முக்கால் ரூபாய், அன்றைக்குக் கங்காதரன் கையிலிருந்து போட்ட போண்டா, டீக் காசு. வேடியப்பனைக் கேட்டால் ஒரு காசும் கிடையாது என்பான். ஜெயித்தது தான்தானாம்.

வேடியப்பன் திருத்தணி ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவன். நாற்பது வயதைத் தாண்டி முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்தவன். நூலகத்தில் அவன் எடுத்த புத்தகம் ஹிட்லர் செய்த படுகொலைகளைப் பற்றியது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரலை ஓட்டி, ஒரு முழுப் பக்கத்தை யாரையும் கேட்காமல் உரக்கப் படித்து முடித்தான். கடைசி வரி, கொல்லப்பட்ட யூதர்கள் சுமார் அறுபது லட்சம் பேர் என்றது. ஒரு பக்கம் முடித்துவிட்ட பெருமையில் அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டான்.

ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டும் கங்காதரன் பக்கத்தில் இருந்தான். அக்கா புருஷனை 'பாவா' என்றுதான் கூப்பிடுவான். "இல்ல பாவா. செத்தது ஒரு கோடியே பத்து லட்சம். வாரப் பத்திரிகையில போட்டிருந்தான்."

"புக்கு பொய் சொல்லுமா? கட்டு பத்து ரூபா."

டீக்கடைத் துரைக்கண்ணு வடையைத் திருப்பிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "ஏலத்துல பெரிய தொகைதான்யா நிக்கும். கங்காதரன் ஜெயிச்சான்."

வேடியப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. கங்காதரன் எழுந்து துண்டை உதறினான். "காசு கைக்கு வரட்டும். அப்புறம் பாக்கலாம், அம்மு என் மடியில உக்கார்றத."

அங்கேதான் சிக்கல். வேடியப்பனின் மூன்று வயது மகள் அம்முவுக்கு ஞாயிற்றுக்கிழமை மலைமேல் முருகன் கோயிலில் முடியிறக்கிக் காது குத்தவேண்டும். தாய்மாமன் மடி இல்லாமல் அந்த வீட்டில் காது குத்தியதே கிடையாது. அம்முவின் தாய் கௌரியம்மாளுக்கோ கூடப் பிறந்தவன் கங்காதரன் ஒருவன்தான்.

"அறுபதோ நூத்திப் பத்தோ, எனக்கு ஒரு மடி வேணும். உன் புக்கு கொழந்தைய உக்கார வெச்சிக்குமா?" என்று புருஷனுக்குக் கஞ்சியை நகர்த்தி வைத்தாள்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும், மச்சான் மூஞ்சியில் காட்டலாம் என்று அந்தப் பக்கத்தைத் தேடினான் வேடியப்பன். வியர்வை விரலில் ஒட்டிக்கொண்டு தாள் தானாகத் திரும்பியது. மறுபக்கத்திலும் எழுத்து இருந்தது. ஜிப்சிகள், போலந்துக்காரர்கள், பிடிபட்ட ரஷ்யச் சிப்பாய்கள், மனநோயாளிகள், ஊனமானவர்கள். இவர்களையும் கொன்றார்கள். யூதர்களை, போருக்கு முன்னே எத்தனை பேர், பின்னே எத்தனை பேர் என்று கழித்தும், கொன்றவர்களின் காகிதங்களைப் பார்த்தும் கணக்கிட்டார்கள். மற்றவர்களில் யார் யாரைச் சேர்ப்பது என்பதிலேயே ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு ஒத்துவரவில்லை. பல பேரை எழுதி வைக்கவே ஆள் இல்லை.

படிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினான்.

தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. "மச்சான், நான் அடுத்த பக்கம் திருப்பலடா."

"இன்னா?"

"பக்கம் திருப்பல. யூதர் மட்டும் அறுபது லட்சம். மத்தவங்களும் கீறாங்க. உன் பத்திரிகைக்காரன் எல்லாரையும் சேத்துச் சொல்லிகினு கீறான். ஆனா அந்த மத்தவங்க எத்தினி பேருன்னு யாராலயும் கரெக்டா சொல்ல முடியலயாம்."

கங்காதரன் தறியை நிறுத்தினான். "அப்ப நானும் ஜெயிக்கலயா?"

"ஆங். துரைக்கண்ணுதான் ஜெயிச்சாரு. ரெண்டு பேருகிட்டயும் போண்டா வித்துட்டாரு."

கங்காதரன் சிரித்துவிட்டான். அவன் பெண்சாதி ஜெயம்மாள் உள்ளேயிருந்து, "இந்த ரெண்டுக்கும் பொண்ணு குடுத்தானுங்களே, அவனுங்களச் சொல்லணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைத்தலையில் சந்தனத்தோடு அம்மு மாமன் மடியில் உட்கார்ந்தாள். ஊசி பட்டதும் மாமனின் மீசையைப் பிடித்து இழுத்தாள். குழந்தையைவிட மாமன்தான் அதிகம் கத்தினான். குரங்கு ஒன்று தேங்காய் மூடியோடு ஓடியதைப் பார்த்து அம்மு அழுகையை மறந்து கைதட்டினாள். சுற்றி நின்ற சனம் முழுக்கச் சிரித்தது.

இறங்கும் வழியில் வேடியப்பன் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்தான். கங்காதரன் பத்து ரூபாய் நோட்டை அவன் சட்டைப்பையிலேயே திரும்பச் செருகினான்.

"செத்தவங்க தலைமேல பந்தயம் கட்டினோமே பாவா. அந்தக் காசு எனக்கு ஒட்டாது. போண்டாக் காச மட்டும் எடு."

வேடியப்பன் ஒன்றே முக்கால் ரூபாயை எண்ணிக் கொடுத்தான். கங்காதரன் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, "சரியா கீது" என்றான்.