போடாத முடிச்சு

கெட்டிலில் நீர் கொதித்து ஆவி கிளம்பினாலே சின்னவளுக்கு வயிற்றைப் புரட்டும். அந்த ஆவியில்தான் அவள் உல்லன் நூலைக் காட்ட வேண்டும். ஒருமுறை பின்னிப் பிரித்த நூல் சுருள்சுருளாக நெளிந்து கிடக்கும். ஆவி பட்டால்தான் நெளிவு நீங்கிப் புது நூல்போல நீளும். நீளட்டும், அதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. வாடையைத்தான் சகிக்க முடியவில்லை. ஊர்ப்பட்ட பேரின் கைவியர்வை, தலை எண்ணெய், பிஸ்கட் தூள், யாரோ நெற்றியில் தடவிக்கொண்ட தைலம் எல்லாம் கலந்து மூக்குக்குள் வந்து குடியேறிவிடும். நூலோடு சிக்கிய தலைமுடியை இரண்டு விரலால் பிடித்து உருவிப் போடும்போது அன்றைக்குச் சோறே வேண்டாம் என்றிருக்கும்.

ஆனாலும் செய்தாள். கணவன் போன பிறகு அக்கா வீட்டில்தான் அவளுக்கு இடமும் சாப்பாடும். மாடி அறையில் அக்கா வாராவாரம் 'ஒரே பகலில் ஒரு தொப்பி' என்று லூம் பின்னல் வகுப்பு நடத்தினாள். அங்கே பின்னத் தெரியாதவர்கள் கெடுத்துப் போட்டதுதான் இந்த நூல் என்று மூட்டை மூட்டையாகக் கீழே அனுப்புவாள். அதைக் காய்ச்சி, உலர்த்தி, உருண்டையாகச் சுற்றி மேலே அனுப்புவது சின்னவளின் வேலை. இத்தனை பேரா கெடுக்கிறார்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. வாடைதான் அவள் மண்டையை நிறைத்திருந்தது.

லூம் என்றதும் தறி அளவுக்கு எதையோ நினைத்து மிரள வேண்டாம். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம், விளிம்பைச் சுற்றி வரிசையாக முளைகள், கையில் ஒரு கொக்கி, அவ்வளவுதான். நூலை முளைக்கு ஒரு சுற்றாகச் சுற்றிக்கொண்டே போய், மறுபடி ஆரம்பித்து இன்னொரு சுற்று. பிறகு கீழே கிடக்கும் கண்ணியைக் கொக்கியால் தூக்கி, மேல் கண்ணியைத் தாண்டவைத்து, முளைக்குப் பின்னால் தள்ளிவிட வேண்டும். இதையே அலுக்காமல் செய்தால் தொப்பி தானாக வளையத்துக்குள் வளரும். புதியவர்கள் பயத்தில் இறுக்கிச் சுற்றுவார்கள், கொக்கி உள்ளே நுழையாது. இல்லாவிட்டால் ஒரு முளையை விட்டுவிட்டு ஓட்டையோடு நிற்பார்கள். "நூலோட கழுத்தை நெரிக்காதீங்க" என்பாள் அக்கா. எல்லோரும் சிரிப்பார்கள். வாராவாரம் அதே வாக்கியம், அதே இடத்தில் அதே சிரிப்பு. கீழே கெட்டிலருகே உட்கார்ந்து அதைக் கேட்பதே சின்னவளுக்கு ஒரு தண்டனை.

ஒரு சாண் வளர்ந்ததும் மிச்ச நூலைப் பெரிய காதுள்ள ஊசியில் கோத்து, எல்லாக் கண்ணிகளிலும் நுழைத்து, வளையத்திலிருந்து கழற்றி இழுத்தால் சுருக்குப் பைபோல உச்சி மூடிக்கொள்ளும். உள்பக்கம் ஒரு முடிச்சுப் போட்டால் தீர்ந்தது. அந்த முடிச்சை மட்டும் அக்கா யாரையும் போட விட்டதில்லை. கைப்பழக்கம் இல்லாதவர்கள் போட்டால் முண்டு முண்டாக நிற்கும், பச்சைக்குழந்தையின் தலையில் உறுத்தும் என்பாள். "முடிச்சை நான் பாத்துக்கறேன், நீங்க கூடையில போடுங்க."

பச்சைக்குழந்தை எங்கிருந்து வந்தது என்றால், அதுதான் வகுப்பின் பெருமையே. பின்னும் தொப்பியெல்லாம் பெரிய ஆஸ்பத்திரியின் குறைமாதக் குழந்தைகளுக்குப் போகிறது என்று அக்கா சொல்லியிருந்தாள். கூடை நிறைந்ததும் எல்லோரும் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்குவார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் தம்பி மனைவிக்கு நாள் நிறைவதற்கு முன்பே வலி எடுத்து, ஒரு முழ நீளம்கூட இல்லாத பெண்குழந்தை பிறந்தது. கண்ணாடித் தொட்டிலில் வைத்தார்கள். சின்னவள் பிளாஸ்கும் மாற்றுத்துணியுமாக வார்டுக்கு ஓடினாள். குழந்தையின் தலையில் காயத்துக்குச் சுற்றும் கட்டுத்துணியைக் குழாயாக வெட்டி, ஒரு முனையைக் கட்டி மாட்டியிருந்தார்கள். குழந்தை முகம் சுளித்தாலே அது வழுக்கிக் கழன்றது.

தம்பி நர்ஸிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் பெரியக்கா வாராவாரம் அனுப்புகிற தொப்பியில் ஒன்றை எடுத்துப் போடக்கூடாதா என்று கேட்டான். நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்தத் தொப்பி?"

"உல்லன் தொப்பிங்க. கூடை கூடையா வருமே."

"நான் இங்க சேர்ந்ததுலேர்ந்து ஒரு தொப்பி வந்ததில்ல. வந்தா நாங்க ஏன் கட்டுத்துணிய வெட்டிக்கிட்டு இருக்கோம்?"

தம்பியின் முகம் தொங்கிப்போயிற்று. வேறு வார்டாக இருக்கும் என்று முணுமுணுத்தான். சின்னவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தொப்பிகள் எங்கே போயின என்று அந்தக் கைகளுக்குத் தெரியும். அத்தனையும் நூல் உருண்டைகளாக அவற்றின் வழியாகத்தான் போயிருந்தன.

நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தை உடைத்துச் சொன்னாள். இவ்வளவு எடை குறைந்த குழந்தைக்குச் சூடு தலை வழியாகத்தான் வெளியேறும், சூடு இறங்க இறங்க எடை ஏறாது, எடை ஏறாமல் தாய் மடிக்குத் தரமுடியாது. பஞ்சு பறக்காத பருத்தி நூலில், சின்ன அளவில், உள்ளே இறுக முடிச்சுப் போட்ட தொப்பி ஒன்று கொண்டு வந்தால் துவைத்துக் காயவைத்து மாட்டிவிடுவேன் என்றாள்.

அன்றைக்கு வகுப்பு நாள். சின்னவள் வீட்டுக்கு வந்தபோது மேலே ஊசியில் நூல் கோக்கும் கட்டம். அக்காவைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டுக் குரல் உயர்த்தாமல் கேட்டாள். அக்கா மழுப்புவாள், அழுவாள், காலில் விழாத குறையாகக் கெஞ்சுவாள் என்று வழியெல்லாம் நினைத்து வந்திருந்தாள். ஒன்றும் இல்லை. அக்காவுக்கு எரிச்சல்தான் வந்தது.

"ஆமா, பிரிச்சேன். அதுங்க பின்னுற லட்சணத்துக்கு எந்த ஆஸ்பத்திரி வாங்கும்? வர்றவங்களுக்கு மனசு நிறையுது. நிறைஞ்ச மனசோட வீட்டுக்குப் போறாங்க. அது புண்ணியமில்லையா?"

"அங்க கிடக்கறது நம்ம தம்பி குழந்தை, அக்கா."

"அதனால என்ன, நான் வேண்டாங்கறேனா? இந்தா, இதுல ஒண்ணு எடுத்துட்டுப் போ."

அறை வாசலோரக் கூடையில் முதலில் முடித்தவர்கள் போட்டிருந்ததில் ஒன்றை எடுத்து நீட்டினாள். சின்னவள் அதை வாங்கி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள். எத்தனை முறை பின்னி, எத்தனை முறை பிரிந்து, எத்தனை முறை ஆவி குடித்த நூலோ. சாம்பல் நிறத்தில் பஞ்சு உரிந்து கையோடு வந்தது. அதன் நடுவே நீளமாக ஒரு நரைமுடி. இதைத் தம்பி மகள் தலையில், மூக்குக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்கிறாள் அவளுடைய சொந்த அத்தை. அந்த நரைமுடியைவிட அக்காவின் பெருந்தன்மைதான் சின்னவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அவள் அக்காவைத் தாண்டி உள்ளே போனாள். சுவரோரக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு சின்ன வெள்ளைத் தொப்பி இருந்தது. நல்ல பருத்தி நூலில் அக்கா தானே பின்னி, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருப்பது. அதை ஒருவரும் தொட அனுமதி இல்லை. சின்னவள் பெட்டியைத் திறந்து அதை எடுத்து உட்புறமாகப் புரட்டினாள். அங்கேயும் முடிச்சு இல்லை. பிரிக்கிற எண்ணத்திலேயே பின்னிப் பின்னி அக்காவின் கைக்கு முடிச்சே மறந்துபோயிருந்தது.

"எல்லாரும் இங்க பாருங்க" என்றாள். உச்சியில் கோத்திருந்த நூலைக் கண்ணிகளிலிருந்து உருவிவிட்டு, நுனியைப் பிடித்து இழுத்தாள்.

உச்சி வாயைத் திறந்தது. பிறகு நூல் வரிசை வரிசையாகச் சரசரவென்று ஓடி வந்து அவள் காலடியில் விழுந்தது. கடைசிக் கண்ணியும் அவிழ்ந்து கையில் வெறும் நூல் மிஞ்சியதும் அவள் நிமிர்ந்தாள்.

"உங்க தொப்பியெல்லாம் இப்படித்தான் போச்சு. வார்டுக்கு ஒண்ணுகூடப் போகல. பிரிச்ச நூலக் கீழே உருண்டை சுத்தி, திரும்ப உங்ககிட்டயே அனுப்பினது நான்தான். கெட்டுப்போன நூல்னு நினைச்சுச் சுத்தினேன்."

அக்கா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள். தங்கைக்கு ஆஸ்பத்திரி அலைச்சலில் தலை சுற்றுகிறது, வகுப்பு நேரம் முடிந்தது, கூடையில் போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றாள். வகுப்புக்கு வந்திருந்த மருந்துக்கடைக்கார அம்மா தன் கையிலிருந்த நூலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். சட்டென்று முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை மேசையில் போட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் துடைத்தார்கள்.

சின்னவள் யாரோ காலி செய்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்துதான் உட்கார்ந்தாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மிகச் சின்ன வளையத்தை எடுத்து, அந்த வெள்ளை நூலைச் சுற்ற ஆரம்பித்தாள். வாழ்நாளில் அவள் நூலைச் சுற்றியிருக்கிறாளே தவிரப் பின்னியதில்லை. முதல் வரிசையை இறுக்கிவிட்டாள், கொக்கி நுழையவில்லை. மருந்துக்கடைக்கார அம்மா பக்கத்தில் வந்து தளர்த்திச் சுற்றக் காட்டிக்கொடுத்தாள். விளக்கு வைப்பதற்குள் தொப்பி முடிந்தது. முடிச்சை மூன்று தரம் போட்டாள்.

மறுநாள் நர்ஸ் தொப்பியைப் புரட்டி, முடிச்சைச் சுண்டி இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. துவைத்துக் காயவைத்துப் புருவம் வரை இழுத்து மாட்டினாள். குழந்தை முகம் சுளித்தது. தொப்பி அப்படியே இருந்தது. தம்பி திரும்பி நின்று அழுதான். நர்ஸ் மற்றத் தொட்டில்களைக் காட்டி, இன்னும் பின்னித் தருவீர்களா என்று கேட்டாள். தருகிறேன் என்றாள் சின்னவள்.

அந்த நேரம் பார்த்து அக்காவிடமிருந்து போனில் செய்தி வந்தது. குழந்தையைத் தொப்பியோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, வகுப்பில் மாட்டிவிட்டால் பேசியவர்கள் வாயெல்லாம் அடைபடும் என்றிருந்தது.

சின்னவள் அதை அழித்தாள். அழித்த விரலைப் பார்த்தாள். பிறகு வார்டு மூலையிலிருந்த குழாய்க்குப் போய்ச் சோப்பை எடுத்து முழங்கை வரைக்கும் தேய்க்க ஆரம்பித்தாள்.